உலகம் அழிந்த பிறகும் பாடும் ரேடியோ: ஃபால்அவுட் இசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபால்அவுட் கேமை முதல்முறை விளையாடுகிறவர்கள் துப்பாக்கி பற்றியோ வரைபடம் பற்றியோ கேட்பதற்கு முன்னால் பாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அணுகுண்டு விழுந்து ஊரெல்லாம் சாம்பலாகிக் கிடக்கிறது. கையில் கட்டிய கருவியில் 1940களின் காதல் பாட்டு ஓடுகிறது. ஏன் இப்படி? இந்தக் கேம்களை விளையாடி, அந்தப் பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டு எனக்குப் புரிந்தவற்றை இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். பேரழிவுக்குப் பின் நடக்கும் கதைகளில் பழைய பாட்டைப் போடும் பழக்கத்தைக் கேம் உலகில் நிலைநிறுத்தியது ஃபால்அவுட் வரிசை என்பதால் பேச்சு பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும்.

கேம் விளையாடாதவர்களுக்கு: ஃபால்அவுட் கதை என்ன?

2077 அக்டோபர் 23 அன்று அணு ஆயுதப் போர் மூண்டு உலகம் சில மணி நேரத்தில் எரிந்துபோகிறது. கொஞ்சம் பேர் நிலத்தடிக் காப்பறைகளுக்குள் தப்பிக்கிறார்கள். பல தலைமுறை கழித்து அங்கிருந்தோ வேறெங்கிருந்தோ கிளம்பி, இடிந்த அமெரிக்காவில் நடந்து திரியும் ஒருவர்தான் நாம். முதல் கேம் 1997இல் இன்டர்பிளே நிறுவனத்திடமிருந்து வந்தது. 2008இல் வந்த மூன்றாவது கேமிலிருந்து பெத்தெஸ்டா கைக்கு மாறியது. 2010இல் ஆப்சிடியன் உருவாக்கிய நியூ வேகஸ், 2015இல் ஃபால்அவுட் 4, 2018இல் ஃபால்அவுட் 76, 2024இல் தொலைக்காட்சித் தொடர் என்று நீண்டுகொண்டே போகிறது.

பழைய பாட்டு முதல் கேமிலேயே இருந்ததா?

இருந்தது. ஒரே ஒரு பாட்டுதான், ஆனால் அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

1997 கேமின் தொடக்கக் காட்சியில் ஒரு பழைய டிவி ஓடுகிறது. காப்பறை விளம்பரம், கார் விளம்பரம், நடுவே ஒரு செய்தித் துணுக்கு: கைதியைச் சுட்டுவிட்டு கேமராவைப் பார்த்துக் கையசைக்கும் சிப்பாய். பின்னணியில் இங்க் ஸ்பாட்ஸ் குழுவின் 'மேபி' என்ற 1940ஆம் ஆண்டுப் பாட்டு. கேமரா மெல்லப் பின்வாங்கும்போதுதான் அந்த டிவி இருக்கும் அறைக்குச் சுவரே இல்லை, வெளியே நகரமே இல்லை என்று தெரிகிறது. பாட்டு நிற்கவில்லை.

பலருக்கு நினைவில் நிற்பது இந்தத் தொடக்கம். எனக்கு அதைவிட முடிவு பெரிது. தன் மக்களைக் காப்பாற்றித் திரும்பி வரும் நாயகனைக் காப்பறைத் தலைவர் உள்ளே விட மறுக்கிறார்: நீ வெளியுலகைப் பார்த்துவிட்டாய், உன்னைப் பார்த்து இளசுகளும் கிளம்பிவிடுவார்கள், போய்விடு என்கிறார். நாயகன் தனியாகப் பாலைவனத்தை நோக்கி நடக்கிறார். மறுபடியும் அதே 'மேபி'. பிரிந்துபோன காதலி தனித்திருக்கும் வேளையில் ஒருவேளை தன்னை நினைக்கக்கூடும் என்று ஏங்கும் பாட்டு அது. தொடக்கத்தில் வினோதமாகப் பட்ட அதே மெட்டு, முடிவில் நேராக அந்த மனிதனுக்காகவே பாடப்பட்டதுபோல் ஆகிவிடுகிறது.

இன்னொரு செய்தி: படைப்பாளிகள் முதலில் விரும்பியது இந்தப் பாட்டை இல்லை. அதே குழுவின் 1941ஆம் ஆண்டுப் பாட்டான 'ஐ டோன்ட் வான்ட் டு செட் தி வேர்ல்ட் ஆன் ஃபயர்' (உலகத்துக்குத் தீ வைக்க எனக்கு ஆசையில்லை) வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். உரிமை கைகூடவில்லை. 11 ஆண்டு கழித்து ஃபால்அவுட் 3 அந்தப் பாட்டோடுதான் தொடங்கியது. பாழடைந்த பேருந்துக்குள் ஒரு ரேடியோ, அதன் வால்வுகள் (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்கள்) மெல்லச் சூடாகி ஒளிர்கின்றன, பாட்டு வருகிறது, கேமரா வெளியே வந்தால் எரிந்துபோன வாஷிங்டன்.

2077இல் நடக்கும் போருக்கு ஏன் 1940, 50களின் பாட்டு?

இது நம் எதிர்காலம் இல்லை. 1950களில் அமெரிக்கர்கள் கனவு கண்ட எதிர்காலம். அப்போதைய பத்திரிகைகளும் விளம்பரங்களும், வருங்காலத்தில் கார் அணுசக்தியில் ஓடும், வீட்டில் ரோபோ வேலைக்காரன் இருப்பான், அம்மா மட்டும் அதே கவுனோடு அதே சமையலறையில் சிரித்துக்கொண்டு நிற்பாள் என்று காட்டின. ஃபால்அவுட் அந்தக் கனவை அப்படியே நிஜமாக்கி, பிறகு அதன்மேல் குண்டு போடுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த உலகின் வரலாறு நம்முடையதிலிருந்து பிரிந்து வேறு வழியில் போகிறது. ட்ரான்சிஸ்டர் நம் உலகில் 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்து எல்லாவற்றையும் சின்னதாக்கியது. அங்கே அது நடக்கவில்லை. வால்வுகளும் அணுசக்தியும் வளர்ந்தன. கணினித் திரை பச்சை எழுத்தில் மினுங்குகிறது, ரோபோவின் மூளை கண்ணாடிக் குடுவைக்குள் மிதக்கிறது. அப்படிப்பட்ட உலகத்தின் ரேடியோவில் வேறு எந்தப் பாட்டு வரும்?

ஆக, பாட்டு இங்கே அலங்காரம் இல்லை. எந்தக் காலத்தின் கனவுக்குள் நிற்கிறோம் என்பதைச் சொல்லும் முகவரி அது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல், கிடாரின் முதல் நாலு தட்டிலேயே அந்த முகவரி நமக்குக் கிடைத்துவிடுகிறது.

கொடூரமான காட்சி, இனிமையான பாட்டு. இந்த முரண்தானே காரணம்?

பலரும் சொல்லும் பதில் இது. தப்பில்லை, ஆனால் பாதிதான்.

இந்த உத்திக்குப் பழைய வேர் உண்டு. ஒலி சினிமா பிறந்த புதிதில், 1928இலேயே, ஐசன்ஸ்டைனும் சக ரஷ்ய இயக்குநர்களும் ஒலி காட்சிக்கு ஒத்து ஊதாமல் எதிராக நிற்க வேண்டும் என்று அறிக்கை எழுதினார்கள். 1964இல் ஸ்டான்லி குப்ரிக் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்லவ்' படத்தை அணுகுண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும் காட்சியோடு முடித்தார். அதன்மேல் வேரா லின் போர்க்காலத்தில் புகழ்பெறச் செய்த 'மீண்டும் சந்திப்போம்' என்ற பொருள்படும் பாட்டு ஒலித்தது. காட்சியின் துயரத்தைக் கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்கு ஓடும் இசைக்குப் பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் ஷியோன் தனிப்பெயரே வைத்தார். இரங்காத இசை என்று தமிழில் சொல்லலாம். அது இரங்காததால்தான் நமக்கு இன்னும் வலிக்கிறது என்பது அவர் வாதம்.

ஆனால் ஃபால்அவுட் ரெண்டு நிமிடக் காட்சி இல்லை. ஐம்பது மணி நேரம், நூறு மணி நேரம் விளையாடுகிறோம். முரண் என்பது முதல் பத்து நிமிடம் சிலிர்ப்பைத் தரும், அப்புறம் பழகிவிடும். பழகிய பிறகும் நாம் ரேடியோவை அணைப்பதில்லையே, அது ஏன்?

எனக்குத் தோன்றுவது இது: அந்தப் பாட்டுக்கு நடந்தது தெரியாது. பாடியவர் ஸ்டுடியோவில் நின்ற அன்று உலகம் இருந்தது; நாளைக்கும் இருக்கும் என்று நம்பி, ஒரு பெண்ணின் மனதைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுப் பாடினார். அந்த அறியாமை இசைத்தட்டில் அப்படியே பத்திரமாக இருக்கிறது. இடிந்த வீட்டில் சமையலறை மேசையைச் சுற்றி எலும்புக்கூடுகளாக உட்கார்ந்திருக்கும் குடும்பத்தைப் பார்க்கும்போது, அவர்களும் இதே அறியாமையோடு இதே பாட்டைக் கேட்டிருப்பார்கள் என்று உறைக்கிறது. பாட்டு அவர்களைக் கேலி செய்யவில்லை. அவர்களுடைய நாளில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

இங்க் ஸ்பாட்ஸ் யார்? ஏன் எப்போதும் அவர்களே?

1930களில் இண்டியானாபொலிஸ் நகரில் உருவான கறுப்பினப் பாடகர் நால்வர் குழு. 1939இல் வந்த 'இஃப் ஐ டிட்ன்ட் கேர்' அவர்களைத் தூக்கி நிறுத்தியது. டெக்கா நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன.

அவர்கள் பாட்டுக்கு ஒரு மாறாத வார்ப்பு உண்டு. முதலில் கிடாரில் ஒரு சின்ன ஏறுவரிசை, கிட்டத்தட்ட எல்லாப் பாட்டிலும் அதேதான். பிறகு பில் கென்னி. குரல் அவ்வளவு உயரத்தில் இருக்கும்; ஒவ்வொரு சொல்லையும் கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவதுபோல் பார்த்துப் பார்த்து உச்சரிப்பார். நடுவில் இசை தணியும். ஹாப்பி ஜோன்ஸ் அதே வரிகளை அடிக்குரலில் பேசுவார். பாடமாட்டார், பேசுவார். பக்கத்தில் உட்கார்ந்து மனசைத் திறப்பதுபோல. கடைசியில் கென்னி மறுபடி வந்து முடித்துவைப்பார். ஜோன்ஸ் 1944இல் இறந்துபோனார். பேசும் பகுதியை அதன்பிறகு வேறு பலர் செய்தாலும் அந்த இதம் திரும்ப வரவில்லை என்பது என் எண்ணம்.

இந்த வார்ப்புதான் கேமுக்கு அவர்களை இவ்வளவு பொருத்தமாக்குகிறது. ஒரே மாதிரி தொடங்குவதால் கிடாரின் முதல் ஒலியிலேயே நமக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். பேசும் பகுதியோ யாருமற்ற நிலத்தில் ஒரு மனிதர் நம்மிடம் நேராகப் பேசுவதுபோல் இருக்கும். முதல் கேமில் 'மேபி', மூன்றாவதில் 'உலகத்துக்குத் தீ வைக்க ஆசையில்லை', ஃபால்அவுட் 4இன் 2015 அறிமுக ட்ரெய்லரில் 'இட்ஸ் ஆல் ஓவர் பட் தி க்ரையிங்' என்று இந்தக் குழு இந்த வரிசையின் குரலாகவே ஆகிவிட்டது.

1989இல் ராக் அண்ட் ரோல் புகழவையில் முன்னோடிகளாக அவர்களைச் சேர்த்தார்கள். பில் கென்னி அதற்கு 11 ஆண்டு முன்பே காலமாகிவிட்டார்.

பழைய பதிவின் சத்தத்திலேயே ஏதோ இருக்கிறதே, அது என்ன?

ரெண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, குறை. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டில் ஆழ்ந்த அடிநாதமும் சரியாகப் பதியாது, உச்ச ஒலியும் தங்காது. நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். அதனால்தான் அந்தப் பாட்டு எங்கோ தூரத்திலிருந்து, சின்னப் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் காதுக்குப் படுகிறது. கூடவே ஊசியின் கரகரப்பு. தேய்ந்து கீறல் விழுந்து, இருந்தும் இன்னும் பாடிக்கொண்டிருக்கும் பொருள் அது. கேமில் நாம் பார்க்கும் நிலமும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் இடமில்லை என்பதால் பாட்டுகள் குறுகியவை; அதுவும் ரேடியோவுக்குத் தோதாகிவிட்டது.

இன்னொன்று, நெருக்கம். 1925வரை பாடகர்கள் பெரிய குழாய்க்குள் உரக்கப் பாடித்தான் பதிய வேண்டும். அந்த ஆண்டு மின்சார மைக் வந்தது. அதன்பிறகு பாடகர் முணுமுணுத்தாலும் பதியும் என்றாயிற்று. மேடையின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற கவலை போய், காதருகே ரகசியம் சொல்வதுபோல் பாடும் ஒரு பாணியே பிறந்தது. இந்தப் பாட்டுகள் எல்லாம் அந்தப் பாணியின் பிள்ளைகள். கண்ணுக்கெட்டிய தூரம் ஆளே இல்லாத நிலப்பரப்பு, காதுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் மனிதக் குரல். நவீன ஆர்கெஸ்ட்ரா எவ்வளவு பிரம்மாண்டமாக இருந்தாலும் இதைச் செய்ய முடியாது.

பின்னணி இசையாகப் போடாமல் ஏன் ரேடியோ வழியாக?

பின்னணி இசை நமக்கு மட்டும் கேட்பது. ரேடியோ கதைக்குள்ளேயே இருப்பது. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து போடுகிறார் என்று அர்த்தம். அந்த 'யாரோ' ரொம்ப முக்கியம்.

ஃபால்அவுட் 3இல் கேலக்ஸி நியூஸ் ரேடியோவை நடத்தும் த்ரீ டாக் என்ற அறிவிப்பாளர், நாம் செய்த நல்லது கெட்டதையெல்லாம் பாட்டுக்கு நடுவே ஊருக்குச் சொல்வார். நியூ வேகஸில் மிஸ்டர் நியூ வேகஸாகக் குரல் கொடுத்தவர், நிஜ லாஸ் வேகஸ் மேடைகளில் பல பத்தாண்டுகள் பாடிய வேய்ன் நியூட்டன். ஃபால்அவுட் 4இல் டிராவிஸ் என்ற இளைஞன் மைக் முன் உட்கார்ந்தாலே திக்கித் திணறுவான். அவனுக்குத் தைரியம் வரவைப்பதே நமக்குக் கிடைக்கும் ஒரு வேலை. அதை முடித்த பிறகு அவன் பேசும் விதமே மாறிவிடும். அந்த மாற்றத்தை ரேடியோவில் முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

ரேடியோவுக்கு இன்னொரு முகமும் உண்டு. மூன்றாவது கேமிலேயே என்க்ளேவ் ரேடியோ என்று ஒன்று வருகிறது. தன்னைக் குடியரசுத் தலைவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு குரல், இதமாகப் பேசி, இடையிடையே தேசபக்தி அணிவகுப்பு இசையைப் போடுகிறது. அதிகாரத்தின் பழைய இசை ஒரு அலைவரிசையில், சாதாரண மனிதர்களின் பழைய இசை பக்கத்து அலைவரிசையில். எதைக் கேட்டுக்கொண்டு நடக்கிறோம் என்பதே ஒரு தேர்வாகிவிடுகிறது.

அணுப் போர் பயத்துக்கும் ரேடியோவுக்கும் நிஜ வரலாற்றிலும் உறவு உண்டு. 1951 முதல் 1963 வரை அமெரிக்காவில் கோனல்ராட் என்ற எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது. தாக்குதல் வந்தால் மற்ற நிலையங்கள் எல்லாம் ஓய்ந்து, 640, 1240 கிலோஹெர்ட்ஸ் என்ற ரெண்டே இடங்களில் மட்டும் அறிவிப்பு வரும். மக்கள் சட்டென்று திருப்ப வசதியாக 1953க்குப் பிறகு விற்ற ரேடியோக்களின் டயலில் அந்த ரெண்டு இடத்திலும் சிறு முக்கோணக் குறி போட்டிருப்பார்கள். காதல் பாட்டு கேட்ட அதே பெட்டியில், உலக முடிவுக்கான இடமும் அச்சிடப்பட்டிருந்தது.

அணுகுண்டைப் பற்றியே அந்தக் காலத்தில் பாட்டு வந்ததா? கேமுக்காகச் செய்ததில்லையா?

நிஜமாகவே வந்தது. ஃபால்அவுட் 4இல் ஓடும் 'யுரேனியம் ஃபீவர்' எல்டன் பிரிட் 1955இல் பாடியது. 'ஆட்டம் பாம் பேபி' 1957இல் ஃபைவ் ஸ்டார்ஸ் குழு பாடியது. காதலியை அணுகுண்டோடு ஒப்பிட்டுப் புகழும் பாட்டு. 1960இல் ஷெல்டன் ஆல்மன் பாடிய 'க்ரால் அவுட் த்ரூ தி ஃபால்அவுட்' கதிர்வீச்சுச் சாம்பலுக்குள் தவழ்ந்தாவது என்னிடம் வந்து சேர் என்று காதலியைக் கொஞ்சி அழைக்கிறது. கடைசியாகச் சொன்னது நையாண்டி என்று தெரிந்தே எழுதியது. மற்ற ரெண்டிலும் அணு என்பது அன்றைய புதுப் பொருள், அவ்வளவுதான்.

அந்தச் சூழலைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1951 ஜனவரியில் நெவாடா பாலைவனத்தில் சோதனைகள் தொடங்கின. 1962 வரை அங்கே தரைக்கு மேல் நடந்த வெடிப்புகள் மட்டும் 100. சோதனைக்களம் லாஸ் வேகஸிலிருந்து சுமார் 105 கிலோமீட்டர். ஹோட்டல் மாடிகளில் நின்று சுற்றுலாப் பயணிகள் காளான் மேகத்தைப் பார்த்தார்கள். 1957இல் ஒரு நடன அழகி பஞ்சாலான காளான் மேகத்தை உடையில் ஒட்டிக்கொண்டு 'மிஸ் அணுகுண்டு' என்று படம் எடுத்துக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு, வெளிச்சம் தெரிந்தால் மேசைக்கடியில் குனிந்து தலையை மூடிக்கொள் என்று ஆமைக் கார்ட்டூன் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள்.

'யுரேனியம் ஃபீவர்' பாட்டில் ஒருவன் கதிர்வீச்சைக் கண்டறியும் கைகர் கருவியை எடுத்துக்கொண்டு பணக்காரனாகும் ஆசையோடு மலையேறுகிறான். துள்ளலான பாட்டு. 1952இல் யூட்டா மாநிலத்தின் மோவாப் அருகே பெரிய யுரேனியப் படிவம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நிஜமாகவே ஆயிரக்கணக்கானோர் அப்படிக் கிளம்பினார்கள். அந்தப் பகுதிச் சுரங்கங்களில் காற்றோட்டம் இல்லாமல் வேலை பார்த்தவர்களில் நவஹோ பழங்குடியினர் நிறையப் பேர். நுரையீரல் புற்றுநோயில் பலர் இறந்தார்கள். சோதனைக் களத்தின் காற்றுத் திசையில் வாழ்ந்தவர்களுக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் இழப்பீடு தர 1990இல்தான் சட்டம் வந்தது. இது தெரிந்த பிறகு அந்தத் துள்ளல் பாட்டை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. கேம் இதையெல்லாம் விளக்கிச் சொல்லவில்லை. ஆனால் பாட்டைத் தேட வைத்தது கேம்தான்.

போர் முடிந்து 200 ஆண்டு ஆகிறது. யாரும் புதுப் பாட்டு கட்டவில்லையா?

நியாயமான கேள்வி. மூன்றாவது கேம் நடப்பது 2277இல், நான்காவது 2287இல். எட்டு பத்துத் தலைமுறை. எந்த மனிதக் கூட்டமும் பாட்டுக் கட்டாமல் அவ்வளவு காலம் இருக்காது. வயலில் பாடும், தொட்டிலருகே பாடும், சாவு வீட்டில் பாடும். இந்த வரிசையின் மிகப் பெரிய குறையாக நான் நினைப்பது இதைத்தான். பழைய பாட்டின் வசீகரத்தை விட மனமில்லாமல், பிழைத்த மக்களின் சொந்தக் குரலைப் படைப்பாளிகள் அதிகம் தேடவில்லை.

விதிவிலக்குகள் உண்டு, அழகானவை. மூன்றாவது கேமில் அகாதா என்ற மூதாட்டி ஆளில்லாக் காட்டில் தனியாக வாழ்ந்து வயலின் வாசிப்பார். ஒரு அரிய ஸ்ட்ராடிவேரியஸ் வயலினைத் தேடித் தரச் சொல்வார். அது இருப்பது 92ஆம் காப்பறையில். நாட்டின் சிறந்த இசைக் கலைஞர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி உள்ளே சேர்த்து, அவர்கள் மூளையில் ஒலி வழியாகச் சோதனை நடத்தி அவர்களைப் பைத்தியமாக்கிய இடம் அது. அங்கே போய் வயலினை எடுத்து வந்து கொடுத்தால், அவர் வாசிப்பு ரேடியோவில் ஒலிக்கத் தொடங்கும். அந்த உலகில் இன்று, இப்போது உயிரோடு இருக்கும் ஒருவர் வாசிக்கிறார் என்ற உணர்வு மற்ற எந்தப் பாட்டும் தராதது. ஃபால்அவுட் 4இல் மதுக்கூடத்தில் பாடும் மக்னோலியாவும் அப்படித்தான். நடிகை லிண்டா கார்ட்டர் அந்தப் பாத்திரத்துக்காகவே புதிதாகப் பாடித் தந்தார்.

உக்ரைனில் உருவாகி 2010இல் வந்த மெட்ரோ 2033 இந்த இடத்தில் ஃபால்அவுட்டை விஞ்சுகிறது. மாஸ்கோவின் சுரங்க ரயில் நிலையங்களில் ஒளிந்து வாழும் மக்கள் தீயைச் சுற்றி உட்கார்ந்து கிடார் மீட்டுவார்கள். போகும் அவசரத்தை விட்டுவிட்டு நின்று கேட்க வேண்டும்.

1950களை இவ்வளவு இனிமையாகக் காட்டுவது சரியா? அந்தக் காலம் எல்லோருக்கும் இனிமையாக இருந்ததா?

இல்லை. வேலி போட்ட வெள்ளை வீடு, பளபளக்கும் கார், சிரித்த குடும்பம் என்று கேம் காட்டும் விளம்பரங்களில் இருந்த அமெரிக்காவில், தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் தனிக் குழாயில் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. பொது இடங்களில் அந்தப் பாகுபாட்டைத் தடை செய்த சட்டம் 1964இல்தான் வந்தது. இங்க் ஸ்பாட்ஸ், பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ராய் பிரவுன், நாட் கிங் கோல் என்று இந்தக் கேம்களிலும் தொடரிலும் நம் மனதை உருக்கும் குரல்களில் பாதி கறுப்பினக் குரல்கள். அந்தக் கனவு வீட்டின் வரவேற்பறை ரேடியோவில் அவர்களுக்கு இடம் இருந்தது. அந்தத் தெருவில் வீடு வாங்க இடம் இருக்கவில்லை. ஃபால்அவுட் இதை நேராகப் பேசுவதில்லை. பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு சங்கடமான பாட்டையும் சொல்ல வேண்டும். மூன்றாவது கேமில் வரும் 'சிவிலிசேஷன்', 1947இல் டேனி கேயும் ஆண்ட்ரூஸ் சகோதரிகளும் பாடியது. காங்கோக்காரர் ஒருவர், உங்கள் நாகரிகம் எனக்கு வேண்டாம், அங்கே அணுகுண்டு இருக்கிறது, நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறார். ஆப்பிரிக்கரைக் கோமாளியாகக் காட்டும் அன்றைய கெட்ட பழக்கம் அதில் அப்பட்டமாக இருக்கிறது. ஆனால் ஹிரோஷிமா முடிந்து ரெண்டே ஆண்டில், ஒரு ஹிட் பாட்டு அணுகுண்டை நாகரிகத்தின் லட்சணமாகச் சொல்கிறது. ரெண்டையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பாட்டுகளை நாம் சின்ன வயதில் கேட்டதே இல்லை. நமக்கும் ஏன் ஏக்கமாக இருக்கிறது?

தமிழ் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். நம் வீட்டுத் திண்ணையில் இந்தப் பாட்டு ஓடியதில்லை. நம் தாத்தாவுக்கு பில் கென்னியைத் தெரியாது.

ஆனால் 2008இல் இந்தக் கேமை வாங்கிய அமெரிக்க இளைஞனும் இதைக் கேட்டு வளர்ந்தவன் இல்லை. அவன் பிறப்பதற்கு ஐம்பது ஆண்டு முந்தைய பாட்டு. அவனுக்கும் நமக்கும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. பாட்டை முதல்முறை கேட்பதே கேமுக்குள்தான். முதல் நாள் காப்பறையை விட்டு வெளியே வந்து கண் கூசி நின்றது, மழையில்லா ஊரில் இரவு முழுக்க நடந்தது, துணை வந்த நாயை இழந்தது, எல்லாம் இந்தப் பாட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ஆறு மாதம் கழித்து வேறெங்கோ அந்தக் கிடார் கேட்டால் ஏக்கம் வருவது 1941ஐ நினைத்து இல்லை, நாம் நடந்த அந்தப் பாதையை நினைத்து. மார்ட்டி ராபின்ஸ் 1959இல் பாடிய 'பிக் அயர்ன்' என்ற கௌபாய் கதைப்பாட்டை இன்று உலகமெங்கும் இளைஞர்கள் மனப்பாடமாகப் பாடுவது நியூ வேகஸ் அவர்களுக்குக் கொடுத்த நினைவால்தான்.

வேறு கேம்கள்?

2007இல் வந்த பயோஷாக் கடலுக்கடியில் மூழ்கிச் சிதைந்த நகரத்தில், 1960இல் நடக்கிறது. பாபி டாரினின் 'பியாண்ட் தி ஸீ', பேட்டி பேஜின் நாய்க்குட்டிப் பாட்டு எல்லாம் அங்கே ஈரச் சுவர்களுக்கிடையே எதிரொலிக்கும். அங்கே பாட்டு துணையாக இருக்காது, பயமுறுத்தும். அதே வரிசையில் 2013இல் வந்த கேமில் 1912ஆம் ஆண்டு நகரத்தில் நால்வர் நின்று பீச் பாய்ஸின் 1966 பாட்டைப் பாடுவார்கள். காலம் பிசகியிருப்பதற்கு அதுவே முதல் துப்பு. தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமில் எல்லி என்ற சிறுமி ஒரு கேசட்டைப் போட, காருக்குள் ஹாங்க் வில்லியம்ஸ் பாடத் தொடங்குவார். கைவிடப்பட்டவனின் பாட்டு. அவர் 1953 புத்தாண்டு அன்று, 29 வயதில், காரின் பின்சீட்டில் இறந்தவர் என்பது தெரிந்து கேட்டால் அந்தக் காட்சி இன்னும் கனக்கும்.

பழைய பாட்டு என்றால் இலவசம்தானே? என் கேமிலோ வீடியோவிலோ போடலாமா?

கூடாது. ஒரு பாட்டில் ரெண்டு உரிமை உண்டு: எழுதி மெட்டமைத்தவர் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. ரெண்டு பக்கமும் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 2018 சட்டப்படி 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு நூறு ஆண்டு பாதுகாப்பு. 1941 தட்டு 2041 முடியும்வரை யாரோ ஒருவருடைய சொத்து. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அவர்கள் இறந்த பின் 60 ஆண்டு. விளையாடுவதை நேரலையாகக் காட்டுபவர்கள் கேமுக்குள் ரேடியோவை அணைத்துவிடுவதும் இதனால்தான்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

'மேபி'யையும் 'உலகத்துக்குத் தீ வைக்க ஆசையில்லை'யையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அந்தக் கிடார் தொடக்கம் காதில் பதிந்துவிடும். பிறகு 'பிக் அயர்ன்', பெக்கி லீ பாடிய 'ஜானி கிடார்', கடைசியாக 'யுரேனியம் ஃபீவர்'. கேம் கையில் இருந்தால் ஒரு நாள் ரேடியோவை அணைத்துவிட்டும் நடந்து பாருங்கள். இனான் ஸூர் அமைத்த பின்னணி இசையும், முதல் ரெண்டு கேம்களில் மார்க் மார்கன் அமைத்த இருண்ட முனகலும் அப்போதுதான் காதில் விழும். நான் அப்படி ஒரு ராத்திரி நடந்தேன். கால் மணி நேரம் தாங்கியிருப்பேன். காற்றுச் சத்தம், என் காலடிச் சத்தம், தூரத்தில் ஏதோ உறுமல். அப்புறம் ரேடியோவைப் போட்டேன். ஹாப்பி ஜோன்ஸ் பேசிக்கொண்டிருந்தார்.